பதினான்காம் கேள்வி

குஸுமி தெப்பேய் எதையும் அழிக்கமாட்டார். எங்கள் அலுவலகத்தில் இதைக் குறையாகவும் சொல்வார்கள், பாராட்டாகவும் சொல்வார்கள். அன்றைய பொழுது எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது.

எங்களுடையது ஷிராமே ஊரின் பள்ளிச் சாப்பாட்டு நிலையம். ஊரின் நான்கு பள்ளிகளுக்கும் மதியச் சாப்பாடு இங்கேதான் சமைக்கப்படுகிறது. வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். பெரும் பகுதி சமையலறை. தெற்கு மூலையில் ஒரு சின்ன அறை, அதில் மூன்று மேசைகள். ஜன்னலோரம் மேனேஜர் ஹிராஸே, அவருக்கு எதிரில் குஸுமி, கதவோரம் நான். ஆறு வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டுத் திரும்பிய எனக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் அங்கே வேலை கிடைத்திருந்தது. மாதாந்திர உணவுப் பட்டியலை அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்புவதும், கூட்டங்களில் குறிப்பு எடுப்பதும் என் வேலை.

குஸுமியின் வேலை என்னவென்று முதல் மாதம் முழுவதும் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் வருவார், கணினியைத் திறப்பார், ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். தோட்டக்காரர் செடிகளுக்கு நடுவே நடப்பது போலத்தான் இருக்கும். யாராவது ஒரு ஃபைலைத் தவறான இடத்தில் போட்டிருந்தால் எடுத்து உரிய இடத்தில் வைப்பார். ஏற்கெனவே இருக்கும் ஃபைலை யாராவது மாற்றி எழுதியிருந்தால் பழையதைத் தேடிப்பிடித்து, எண் போட்டு, பக்கத்தில் வைப்பார். சமையலறைப் பெண்கள் அவருக்கு ஊறுகாய்க் கல் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜாடியின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டிருக்கும் கல். அவருக்கு இது தெரியும். ஒருமுறை என்னிடம், அந்தக் கல்லை எடுத்துவிட்டால் ஊறுகாய் என்ன ஆகும் என்று அவர்களிடம் கேட்டுப் பார் என்றார்.

அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஷிராமேயிலேயே பிறந்தவர். அப்பா ஸ்டேஷன் எதிரில் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். மகனுக்குக் கை நிதானம் இல்லை. பதினேழாவது வயதில் தபால்காரர் ஒருவரின் காதைக் கீறிவிட்டார். அத்தோடு கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டு, நீ பேனா பிடிக்கிற வேலைக்குப் போ என்று அப்பா சொல்லிவிட்டாராம். ஊர் ஆபீஸில் சேர்ந்தார். குடிநீர்ப் பிரிவில் பதினோரு வருடம். அங்கே ஒரு கோடையில், பூமிக்கடியில் குழாய் எங்கே போகிறது என்ற வரைபடத்தின் பழைய பிரதியை வைத்துக்கொண்டு ஒரு ஆள் தெருவைத் தோண்டினார். பெரிய குழாய் உடைந்தது. மூன்று நாள் பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. தவறு குஸுமியுடையது இல்லை. ஆனால் ஒலிபெருக்கி வைத்த வண்டியில் உட்கார்ந்து தெருத்தெருவாக மன்னிப்புக் கேட்கும் வேலை, வயதில் சின்னவர் என்பதால், அவர் தலையில் விழுந்தது. எந்தத் தாள் புதியது என்று தெரியாததால் ஒரு கிழவி பிளாஸ்டிக் வாளியோடு வெயிலில் வரிசையில் நின்றாள் என்று அவர் சொன்னபோது, இருபது வருடம் கழித்தும் அந்த வாளியின் நிறம் அவருக்கு நினைவிருந்தது.

வீட்டில் நிலைமை நேர்மாறு. மனைவி முட்ஸுமி ஒரு மாதம் தொடாத பொருளை வீட்டில் வைத்திருக்கமாட்டார். குஸுமியின் குளிர்கோட்டை ஒவ்வொரு ஏப்ரலிலும் யாருக்காவது கொடுத்துவிடுவாராம். மூன்று குளிர்காலம் மூன்று கோட்டு. நாலாவது வருடம் குஸுமி கோட்டைக் கொண்டுவந்து ஆபீஸ் அலமாரியில் மாட்டிவிட்டார். ஆகஸ்ட் மாதம் அலமாரியைத் திறந்தால் அது தொங்கிக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டு நிலையத்துக்கு அவர் மாற்றலாகி வந்தது ஹெய்செய் இருபத்தெட்டில், அதாவது 2016இல். அப்போது அலர்ஜி ஃபோல்டரில் ஒரே குழந்தையின் பெயரில் நாலைந்து ஃபைல் இருந்ததாம். ஒன்றின் பெயர் 'புதியது', இன்னொன்று 'மிகப் புதியது', இன்னொன்று 'இதைப் பாருங்கள்', இன்னொன்று 'ஹிராஸே பார்த்தது'. எந்தக் குழந்தைக்கு எது ஆகாது என்பதைச் சொல்லும் தாள்கள் அவை. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு விதி எழுதினார். குழந்தையின் பெயர், பிறகு R என்ற ஆங்கில எழுத்து, பிறகு எண். R என்றால் திருத்தம். முதல் திருத்தம் R1, அடுத்தது R2. பெரிய எண் எதுவோ அதுதான் இப்போது செல்லும் தாள். சின்ன எண்களும் அதே ஃபோல்டரில் இருக்கும், ஒரு குழந்தையின் உடம்பு எப்படி மாறிவந்தது என்று சமைக்கிறவர்களுக்கும் தெரியவேண்டும் என்பதற்காக. எளிமையான விதி. மூன்று வருடம் ஒரு பிசகும் வரவில்லை.

அதன்பின் சக்கரவர்த்தி மாறினார், அவரோடு ஆண்டுகளை எண்ணும் யுகமும் மாறியது. ஹெய்செய் முடிந்து ரெய்வா பிறந்தது. அதுவரை கடிதங்களிலும் படிவங்களிலும் H28, H30 என்று வருடம் போட்டுக்கொண்டிருந்த நாடு மொத்தமும் ஒரே நாளில் R1 என்று எழுத ஆரம்பித்தது. கல்வி வாரியத்திலிருந்து வரும் பட்டியல் R1. பால் கம்பெனியிலிருந்து வரும் ஒப்பந்தம் R1. குஸுமியின் ஃபோல்டரிலும் R1. அவர் விதியை மாற்றவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபைல்களின் பெயரை மாற்றவேண்டியிருக்கும், மாற்றும்போதே ஏதாவது தொலையும் என்று நினைத்தார். அது பொய்யும் இல்லை.

ரெய்வா ஐந்து, ஜூன் மாதம். அன்றைக்குச் சோறு, சுட்ட கானாங்கெளுத்தி, முட்டை கலக்கிய சூப், பால். அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கு மட்டும் சமைக்கும் தனி மூலை ஒன்று சமையலறையில் உண்டு. வழக்கமாக அங்கே நிற்கும் பெண் அன்று தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக விடுப்பு எடுத்திருந்தார். அவருக்குப் பதிலாக நின்றவர் முரோய் டொகியே. அறுபத்துமூன்று வயது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சமையலறையில் இருப்பவர், ஓய்வுக்குப் பிறகு வருடா வருடம் ஒப்பந்தம் போட்டுத் தொடர்கிறவர். அலர்ஜித் தாளை அன்றன்று காலை கணினியிலிருந்து புதிதாக அச்சடிக்கவேண்டும் என்பது விதி. பழைய காகிதம் சுவரில் ஒட்டியே இருந்துவிடக்கூடாது அல்லவா. அதுவும் குஸுமி எழுதிய விதிதான். அன்றுவரை முரோய் வேறொருவர் அச்சடித்துக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் சமைத்திருக்கிறார், ஃபோல்டரை அவரே திறந்தது அதுதான் முதல் தடவை.

கயானோ ரிட்ஸு என்ற மூன்றாம் வகுப்புப் பெண்ணின் பெயரில் R1 முதல் R7 வரை ஏழு ஃபைல்கள் இருந்தன. மார்ச்சில் புதிய சர்வருக்கு மாற்றியபோது எல்லா ஃபைலிலும் ஒரே தேதி விழுந்திருந்தது, அதனால் தேதியைப் பார்த்தும் பயனில்லை. முரோய் R5 ஐத் திறந்து அச்சடித்தார். போன நவம்பரில் எழுதப்பட்ட ஐந்தாம் திருத்தம் அது. நன்றாக வெந்த முட்டை கொடுக்கலாம் என்று டாக்டர் அப்போது அனுமதித்திருந்தார். பிப்ரவரியில் வீட்டில் ரிட்ஸுவுக்கு உடம்பு முடியாமல் போய், ஆறாம் திருத்தத்தில் முட்டை மறுபடியும் முழுதாகத் தடை. ஏழில் கிவிப் பழமும் சேர்ந்தது.

ஒருவர் தாளை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பாத்திரத்தைப் பார்த்துச் சரி சொல்வது வழக்கம். படித்தார்கள், பார்த்தார்கள், இரண்டும் பொருந்தின. தாளையே சந்தேகப்படும் வேலை யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. தனிச் சாப்பாடு உள்ள நாளில் போகும் மஞ்சள் தட்டு ரிட்ஸுவின் வகுப்புக்குப் போகவில்லை. இன்று அவளுக்கு எல்லாம் சாப்பிடலாம் போல என்று ஆசிரியை நினைத்தார்.

சாப்பிட்டு இருபது நிமிடத்தில் முகம் வீங்கியது. மூச்சு இழுத்தது. அவளுக்கென்று வகுப்பில் வைத்திருந்த அலர்ஜி ஊசியை ஆசிரியை தயங்காமல் தொடையில் குத்தினார். ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு நாள் கழித்து ரிட்ஸு வீடு திரும்பினாள். முரோய் இனிப்புப் பெட்டி எடுத்துக்கொண்டு மேனேஜரோடு மன்னிப்புக் கேட்கப் போனார். பாட்டனார் வாசலில் நின்று பெட்டியை வாங்கிக்கொண்டார். அம்மா வெளியே வரவில்லை.

கல்வி வாரியம் நாலு பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முதல் கூட்டத்தில் நான் குறிப்பு எடுத்தேன். முரோய் வெள்ளைச் சட்டை போட்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆறும் ஏழும் இருந்ததைப் பார்க்கவில்லையா என்று தலைவர் கேட்டார்.

"பாத்தேன்," என்றார் முரோய். "இது ரெய்வா அஞ்சு. அதனால அஞ்சைத் திறந்தேன். ஆறும் ஏழும் அடுத்த வருஷத்துக்கும் அதுக்கு அடுத்த வருஷத்துக்கும் முன்கூட்டியே போட்டு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். நம்ம ஊர் ஆபீஸ் அப்படித்தானே செய்யும்? வராத வருஷத்துக்கெல்லாம் திட்டம் போட்டு அச்சடிச்சு வெச்சிருப்பாங்க."

குழுவில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டார். முரோய் சிரிக்கவில்லை. வேடிக்கையாகச் சொல்லவும் இல்லை.

அன்று எல்லோர் கையிலும் குஸுமியின் விதிப் புத்தகம், நான்காம் பதிப்பு, இருந்தது. அதில் இரண்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: R என்பது திருத்த எண், பெரிய எண்ணே செல்லும். விதி இருக்கிறது, விதியைப் பார்க்கவில்லை. அறிக்கையின் முதல் வரைவு ஒரு வாரத்தில் வந்தது. காரணம் என்ற இடத்தில், பொறுப்புச் சமையலாளரின் சரிபார்ப்புக் குறைவு என்று இருந்தது. சரிபார்ப்புக் குறைவு என்பது எங்கள் நாட்டு அறிக்கைகளில் எல்லா இடத்திலும் பொருந்தும் ஒரு சொல். அதைப் போட்டுவிட்டால் மேற்கொண்டு யாரும் எதையும் தோண்டவேண்டியதில்லை.

அறிக்கையில் பெயர் வராது. ஆனால் அன்று அந்த மூலையில் நின்றது யாரென்று ஊரில் தெரியாதவர் இல்லை. முரோயின் பேத்தி அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. உன் பாட்டி சமைத்தால் செத்துப்போவோமா என்று யாரோ ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. மேனேஜர் ஹிராஸே கெட்ட மனிதர் அல்ல. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது, முரோய் சானுக்கும் களைப்பாக இருக்கும், இது ஒரு நல்ல இடைவெளி என்று என்னிடம் சுற்றிச் சுற்றிச் சொன்னார். முரோய்க்கு வேலை போவது பற்றி அவ்வளவு வருத்தம் இல்லை. துணி மாற்றும் அறையில் பிறரிடம் அவர் சொன்னது எங்கள் காது வரை வந்தது. இருபத்திரண்டு வருடம் சமைத்துவிட்டு, கவனமில்லாதவள் என்ற பெயரோடு வாசலைத் தாண்டுவதா என்றாராம்.

அந்த நாட்களில் குஸுமி மதியச் சாப்பாட்டை மேசையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். ஒரு நாள் உணவுப் பட்டியலில் அவர் கையெழுத்து வாங்கப் போனேன். திரையில் விதிப் புத்தகம் திறந்திருந்தது. ஆனால் நான் பார்த்த புத்தகம் இல்லை. முதல் பக்கத்தில் இரண்டாம் பதிப்பு, ரெய்வா முதலாம் ஆண்டு என்று இருந்தது. கடைசியில் ஒரு கட்டம் போட்ட பகுதி, 'சமையலறையிலிருந்து வந்த கேள்விகள்'. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் குஸுமியின் பதில். பதினான்காவது வரியில் அவருடைய சுட்டி நின்றிருந்தது. கேள்வி கேட்டவர் பெயர் முரோய்.

R1 என்று போட்டிருந்தால் அது ரெய்வா முதல் வருடமா, முதல் திருத்தமா என்று கேட்டிருந்தார். அதற்கு எதிரே குஸுமியின் பதில் ஒரே வரி: சூழ்நிலையைப் பார்த்தால் புரியும்.

அவர் திரையை மூடவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இந்தக் கேள்விப் பகுதி இப்ப இருக்கிற புத்தகத்துல இல்லையே," என்றேன்.

"மூணாம் பதிப்புல எடுத்துட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி. கேள்வி கேட்டு, பதில் சொல்லி, கசகசன்னு இருந்துது."

"முரோய் சானுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லன்னு நெனக்கிறேன். இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாங்க."

குழுவுக்குக் கொடுத்தாரா என்று கேட்டேன். நடப்பில் இருக்கும் பதிப்பைத்தான் கேட்டார்கள், அதைக் கொடுத்தேன் என்றார். வேறு ஏதாவது கேட்டால் அதையும் கொடுப்பேன் என்றார்.

"இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேப்பாங்க?"

அவர் சுட்டியை அந்த வரியிலிருந்து நகர்த்தினார். அந்த ஃபைல் இப்போது இருக்கவே கூடாத ஃபைல் என்றார். மாற்றப்பட்ட பதிப்பை ஒரு வருடம் வைத்திருந்து அழித்துவிடவேண்டும் என்பது ஊர் ஆபீஸ் சட்டம். இரண்டாம் பதிப்பைப் போன வருட மார்ச்சிலேயே அழித்திருக்கவேண்டும். அழித்தாயிற்று என்று பதிவேட்டில் முத்திரை குத்தியதும் அவர்தான். முத்திரை குத்திவிட்டு, ஃபைலை வேறொரு ஃபோல்டருக்குள் நகர்த்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். அழிக்க முடியவில்லை, வேறு காரணம் இல்லை என்றார்.

ஆக, அதை வெளியே எடுத்தால் மூன்று விஷயம் தெரியும். எச்சரிக்கை வந்திருந்தது. பதில் சொல்லவேண்டியவர் ஒரு வரியில் தள்ளிவிட்டு, பிறகு அந்த எச்சரிக்கையையே புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார். அழித்ததாகப் பொய் முத்திரையும் குத்தியிருக்கிறார். எடுக்காவிட்டால் எதுவும் தெரியாது. யாரும் எதையும் மறைத்ததாகவும் ஆகாது. சட்டப்படி அந்தத் தாள் உலகத்திலேயே இல்லை.

நான் முரோயிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சமையலறை முப்பது அடி தூரம். சொல்லவில்லை. குஸுமியாகவே செய்யட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மரியாதையா, சோம்பலா, ஒப்பந்தப் பயமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் அப்படிப் போனது. அந்த ஒன்பது நாளும் முரோய் அலர்ஜி மூலைப் பக்கம் போகாமல், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றார். யாரும் அனுப்பவில்லை, அவராகப் போய் நின்றுகொண்டார். காரட் நறுக்குவதில் அந்தச் சமையலறையிலேயே வேகமான கை அவருடையது.

இரண்டாம் கூட்டம் அறிக்கையை முடித்துக் கையெழுத்துப் போடுவதற்காகக் கூடியது. குஸுமியைக் கூப்பிடவில்லை. அவராக வந்து, கதவருகே நின்று, கூடுதலாக ஒரு தாள் கொடுக்க அனுமதி வேண்டும் என்றார். மேனேஜர் ஹிராஸே அவரைப் பார்த்த பார்வையில், இப்போது எதற்கு என்ற கேள்வி இருந்தது. தலைவர் சரி என்றார்.

அவர் கொடுத்தது பழையது–புதியது ஒப்பீட்டுத் தாள். எந்த விதியை மாற்றினாலும் எங்கள் ஆபீஸ்களில் அதைத் தயாரிக்கவேண்டும். ஒரு பத்தியில் முன்பு எப்படி இருந்தது, அடுத்த பத்தியில் இப்போது எப்படி இருக்கிறது, மாறிய இடத்தில் அடிக்கோடு, ஓரத்தில் மாற்றத்துக்கான காரணம். காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும், சொற்களைச் சீர்செய்தல் என்றுதான் எழுதுவார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை.

குஸுமியின் தாளில் பழையது என்ற பத்தியில் பதினான்காம் கேள்வியும் பதிலும் முழுதாக இருந்தன. புதியது என்ற பத்தியில் 'நீக்கப்பட்டது' என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'இந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. ஆகவே கேள்வியை எடுத்துவிட்டேன்.'

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"காரணத்தை இப்படி எழுதுற வழக்கம் இல்லையே, குஸுமி சான்."

"தெரியும்."

"அப்ப நீங்க என்ன எழுதினீங்க, ரெண்டு வருஷம் முன்னாடி?"

"சொற்களைச் சீர்செய்தல்னு எழுதினேன்."

இரண்டாம் பதிப்பு இன்னும் இருக்கிறதா என்று குழுவில் இருந்த டாக்டர் கேட்டார். இருக்கிறது என்று குஸுமி சொன்னார். அழித்துவிட்டதாகப் பதிவேடு சொல்கிறதே என்று வாரியத்திலிருந்து வந்தவர் கேட்டார். அந்தப் பதிவு பொய் என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, ஃபோல்டர் பெயர்களைப் படித்துக்காட்டுவது போலவே சொன்னார். ஹிராஸே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கையெழுத்து ஆகவில்லை.

ஜூலை கடைசியில் வந்த அறிக்கையில் சரிபார்ப்புக் குறைவு என்ற சொல் முதல் இடத்தில் இல்லை. பெயரிடும் விதி இருவிதமாகப் படிக்க இடம் கொடுத்தது, இதுபற்றிச் சமையலறையிலிருந்து ரெய்வா முதலாம் ஆண்டிலேயே எழுத்தில் கேள்வி வந்திருந்தது, அது கவனிக்கப்படவில்லை என்று இருந்தது. ரிட்ஸுவின் அம்மாவுக்கு அதன் பிரதி போனது. குஸுமிக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒன்று, கேள்வியை நீக்கியதற்கு. மற்றொன்று, நீக்காமல் வைத்திருந்ததற்கு. இரண்டிலும் ஒரே தேதி. அதைக்கூட அவர் வரிசைப்படி ஃபைலில் போட்டார். ஃபைல் பெயர்களில் R என்ற எழுத்தை எடுத்துவிட்டு, தேதியை எட்டு இலக்கத்தில் போடும் வேலையையும் அவரேதான் செய்தார். நான்கு வருடமாகச் செய்யமுடியாது என்று நினைத்த அந்த வேலை பதினொரு நாளில் முடிந்தது. செல்லாத தாள்கள் சமையலறைக் கணினியில் தெரியாத இடத்துக்குப் போயின.

அறிக்கை வந்த மறுநாள், சாப்பாட்டு வண்டிகள் கிளம்பிப்போன பிறகு, குஸுமி பின்வாசலுக்குப் போனார். வண்டிச் சீட்டுகளை எண்ணிக்கொண்டு நான் அங்கேதான் இருந்தேன். முரோய் குழாயடியில் குந்தி ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். குஸுமி அவருக்கு நேரே நின்று இடுப்பு வரை குனிந்து, மன்னிக்கவேண்டும் என்றார். முரோய் ஒரு பூட்ஸை முடித்து, மற்றதை எடுத்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குஸுமி குனிந்தபடியே இருந்தார்.

"நான் நன்றி சொல்லுவேன்னு வந்தீங்களா?" என்றார் முரோய்.

"இல்ல."

"நான் கேட்டதை நானே மறந்துட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருந்துது. மூணு வாரம், குஸுமி சான். ராத்திரி சோத்துல கை வெச்சா அந்தக் கொழந்தை மொகம். பொம்பளே, நீ ஏன் ஏழாம் நம்பரைத் தொறக்கலன்னு என்னையே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த மூணு வாரமும் நீங்க இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க."

அவர் என்னையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்திருந்தது என்று அவருக்கு யாராவது சொன்னார்களா, அல்லது என் முகத்திலேயே இருந்ததா, தெரியவில்லை. நான் சீட்டுகளைத் திரும்ப முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

"பயமா இருந்துது," என்றார் குஸுமி.

"இருக்கும்." முரோய் குழாயை மூடினார். "நான் என்ன கேட்டேன்? அறிக்கையில சுருக்கிப் போட்டிருக்காங்க. எழுதினது எழுதினபடி சொல்லுங்க."

குஸுமி நிமிர்ந்தார். எந்தத் தாளையும் பார்க்காமல் சொன்னார்.

"'R1 என்று போட்டிருந்தால் அது ரெய்வா முதல் வருடமா, முதல் திருத்தமா? இன்றைக்கு இரண்டும் ஒன்றுதான், கவலையில்லை. ஆனால் ஒரு நாள் வருடம் ஒரு எண்ணாகவும் திருத்தம் வேறொரு எண்ணாகவும் இருக்கும். அன்றைக்கு மூலையில் புதிதாக ஒருத்தி நின்றால் எதைத் திறப்பாள்?'"

முரோய் பூட்ஸ் இரண்டையும் சுவரோரம் கவிழ்த்து வைத்தார்.

"நல்லாத்தான் கேட்டிருக்கேன்," என்றார்.

பிறகு ஏப்ரனை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டு, நாளைக்கு வேண்டிய காரட் வந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். வந்துவிட்டது என்றேன். நறுக்கும் மேசைப் பக்கமாக உள்ளே போனார்.